இரண்டு கோடுகள் வெட்டிய இடத்தில் நான் கிடந்தேன்

கோமதி, நாளைக் காலை பஸ்ஸில் நீ கிளம்புகிறாய். நில அளவர் வேலைக்கு உனக்கு உத்தரவு வந்த நாளிலிருந்து நம் வீட்டு அடுப்பு அணையவில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு என் கை ஓய்ந்துபோனது. இப்படி ஓய்வது எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்? வருகிறவர்கள் முதலில் உன்னைப் பார்க்கிறார்கள், அடுத்து என் காலைப் பார்க்கிறார்கள், பிறகு அந்த ஓடைக் கதையைக் கேட்கிறார்கள். உன் மாமா சொன்னால் அது டிராக்டர் கதையாகிவிடுகிறது. உன் அப்பா சொன்னால் ஆட்டுக் கதையாகிவிடுகிறது. நீயோ, அதெல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாய். அங்கே கிடந்தவள் நான். அதனால் நானே ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உன் கையிலிருந்து யார் வாங்கிப் படித்தாலும் சரி. ஒளிக்கிற மாதிரி இதில் எதுவுமில்லை. பெருமை மட்டும்தான் இருக்கிறது, அதை ஒளிக்க எனக்குத் தெரியவும் தெரியாது.

நீ கல்லூரியில் கணக்கு முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. உன் அப்பா செம்மறிகளை ஓட்டிக்கொண்டு குருவிகுளத்துக்கு வடக்கே மானாவாரிக் காடுகளில் கிடை போட்டிருந்தார். ராத்திரியில் ஆடுகளை ஒரு புஞ்சையில் அடைத்துப் போட்டால் அந்த மண்ணுக்கு உரம், நமக்குப் பிழைப்பு. நான் வழக்கம்போல் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, சோற்றுத் தூக்கோடு போய் இறங்கி நடந்தேன். போய்ச் சேர்ந்தால் உன் அப்பா முகம் சரியில்லை. சினையாக இருந்த கருப்பு மூஞ்சி ஆட்டைக் காணோம் என்றார். மந்தையை விட்டு அவர் நகர முடியாது. நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். அவருடைய போனில் சார்ஜ் இல்லை. என்னுடைய பட்டன் போன் இடுப்பில் இருந்தது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் என்னைக் காப்பாற்றியது என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போன் இருந்து என்ன, நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லையே.

அந்த வருஷம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. உள்ளே போனால் வானம் மட்டும்தான் தெரியும். ஆட்டின் சத்தம் கேட்டமாதிரி இருக்கும், அந்தப் பக்கம் போவேன், இன்னொரு பக்கம் கேட்கும். ஒரு சோளக்காட்டிலிருந்து அடுத்த காடு, அங்கிருந்து ஒரு வண்டிப்பாதை, மறுபடி சோளம். வெளியே வந்தபோது அகலமான ஒரு ஓடைக்கரையில் நின்றேன். அக்கரையில் உளுந்தும் பாசிப்பயறும் விதைத்த வெட்டவெளி. ஓடைக்கு நடுவில் கரை உயரத்துக்கு ஒரு மணல்திட்டு. அதன் மேல் நம் ஆடு படுத்திருந்தது, பக்கத்தில் ஈரம் காயாத ஒரு குட்டி. நான் சந்தோஷத்தில் ஓடினேன். திட்டில் ஏறும்போது என் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது, உடம்பு மட்டும் முன்னால் போய்த் திரும்பியது. எலும்பு முறிந்த சத்தத்தை என் காதால் கேட்டேன். எப்படியோ காலை உருவிக்கொண்டு திட்டின் உச்சிவரை தவழ்ந்தேன். அங்கே மல்லாக்க விழுந்தவள்தான், அதற்குமேல் என்னால் ஒரு விரற்கடை நகர முடியவில்லை. நகர முயன்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கத்திப் பார்த்தேன். கேட்க ஆளில்லை. சார்ஜ் இல்லாதது தெரிந்தும் உன் அப்பாவுக்குப் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. பிறகு உனக்குப் போட்டேன்.

அந்த நேரம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை உன் மாமா வாயால் பிற்பாடு கேட்டேன். என் தம்பி அன்றைக்கு ஒரு சம்பந்தப் பேச்சோடு வந்திருந்தான். ராயகிரியில் நல்ல குடும்பம், நஞ்சை இருக்கிறது, பையன் கடை வைத்திருக்கிறான், படிப்பை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்று. அவன் கெட்டவன் இல்லை. தகப்பன் காடுகாடாகக் கிடை போடுகிற வீட்டில் ஒரு பெண் காலாகாலத்தில் ஒரு நிலைக்கு வந்துவிட வேண்டும் என்ற கவலை அவனுக்கு. கணக்குப் படித்து எங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று அவன் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் போன் வந்திருக்கிறது.

நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டதும் மாமா டிராக்டரை எடுக்க ஓடினான். அங்கே எத்தனையோ ஓடைகள், ஒன்றுபோலவே இருக்கும். எந்த ஓடை என்று அவன் கேட்டால் எனக்குத் தெரியாது. எந்த ஊர்ப் பக்கம் என்றால் தெரியாது. கழுகுமலை தெரிகிறது என்றேன். அந்த மலை அந்த வட்டாரத்தில் எங்கே நின்றாலும் தெரியும் என்றான். இதற்கிடையில் அவனுக்குச் சிவகிரியிலிருந்து சேக்காளி ஒருவன் பேசினான். மலையில் பெருமழை, ஓடைகளில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள் என்று தற்செயலாகச் சொன்னான். அதைக் கேட்டதும் மாமா, எல்லா ஓடையிலும் தேடுவோம், நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வண்டியைக் கிளப்பினான். நீ போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாயாம்.

“மாமா, தேடப் போகாண்டாம். எங்கன இருக்கான்னு கண்டுபிடிச்சிட்டுப் போவோம்.”

எனக்கு அது தெரியாது. உன் குரல் மட்டும்தான் என் காதில். தண்ணீர் வருவதை நீ அப்போது என்னிடம் சொல்லவில்லை. அழுகையை நிறுத்து என்றும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லு என்றாய். மலை உச்சிக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்டாய்.

நான் தலையைப் பின்னுக்கு அண்ணாந்து பார்த்தேன். கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று இறக்கை ஒடிந்தது, நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அறிந்ததுதான். மலை உச்சி அந்த ஒடிந்த காற்றாடிக்கும் அதற்கு வலப்பக்கம் நின்ற காற்றாடிக்கும் நடுவில் தெரிந்தது. சரியாக நடுவிலா என்றாய். இல்லை, ஒடிந்ததற்குக் கிட்டக்க என்றேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூன்றாகப் பங்கு வைத்தால் முதல் பங்கு முடிகிற இடத்திலா என்றாய். பார்த்தேன், ஆமாம் என்றேன். இந்த வேளையில் இது என்ன பங்கு பிரிக்கிற கேள்வி என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நீயோ உன் போனில் மேலேயிருந்து எடுத்த படத்தை விரித்து, நிலத்தில் விழுந்த நிழலை வைத்து அந்தக் காற்றாடிகளைத் தேடிக்கொண்டிருந்தாய். படத்தில் எந்த இடத்தில் விரலை அழுத்தினாலும் இரண்டு எண்கள் வருமாம், வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று. மலைக்கு ஒரு ஜோடி எண், காற்றாடிகளுக்கு ஒவ்வொரு ஜோடி. அதை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து, காற்றாடிகளுக்கு நடுவில் நான் சொன்ன பங்கில் இன்னொரு புள்ளி வைத்து, மலையிலிருந்து அதன் வழியாக ஒரு கோடு இழுத்து இந்தப் பக்கம் நீட்டினாய். என் அம்மா இந்தக் கோட்டின் மேல்தான் எங்கேயோ கிடக்கிறாள் என்று மாமாவிடம் சொன்னாயாம்.

மாமா எட்டிப் பார்த்தான். அந்தக் கோடு பல ஓடைகளைத் தாண்டிப் போனது. இது போதுமே, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றான். ஒரு கோடு போதாது மாமா, இன்னொன்று வேண்டும் என்று நீ மறுபடி என்னிடம் வந்தாய்.

“எம்மா, நம்ம கோபுரம் தெரியுதா?”

என் இடது கைப் பக்கம் தலையைத் திருப்பினேன். மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு செங்கல் சூளையின் உயரமான புகைக்குழாய் நின்றது. கோபுரத்தைக் காணோம் என்று சொல்ல வாயெடுத்தவள், நன்றாகப் பார்த்தேன். அந்தப் புகைக்குழாய்க்கு நேர் பின்னால், அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் பிதுங்கிக்கொண்டு, எறும்பு அளவுக்கு நம் சங்கரநாராயணர் கோபுரம் இருந்தது. கோமதி அம்மனைக் கும்பிட்டு உனக்கு அந்தப் பெயரை வைத்தேன். அன்றைக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் கும்பிட எனக்குக் கை எழும்பவில்லை, உன்னிடம் சொல்லத்தான் வாய் எழும்பியது. சூளை எது என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது, அவன் செங்கல் ஏற்றப் போன இடம்தான். கோபுரத்திலிருந்து சூளை வழியாக இரண்டாவது கோட்டை இழுத்தாய். இரண்டும் ஓர் இடத்தில் வெட்டின.

வெட்டிய இடம் ஓடையில் இல்லை. ஒரு சோளக்காட்டின் நட்டநடுவில் இருந்தது.

மாமா சொல்லுவான், அந்த நிமிஷத்தில் அவனுக்கு உன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று. பிள்ளை ஏதோ தெரிந்த மாதிரி செய்கிறது, நாம் நேரத்தை விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் தாள் தப்பு, படம் தப்பு, அம்மா உளறுகிறாள் என்று எதையாவது சொல்லி விட்டிருப்பார்கள். பென்சில் கோட்டின் தடிப்பே நிலத்தில் ஒரு புஞ்சை அகலம் வரும் என்று நீ இரண்டு கோடுகளையும் சமன்பாடாக எழுதிப் போட்டுப் பார்த்தாய். அதே சோளக்காடுதான் வந்தது. கணக்கு சரி என்றால் கணக்குக்குள் போட்டது எதுவோ தப்பு. மறுபடி என்னிடம் வந்து நீ கேட்ட அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

“எம்மா, நீ எப்படிப் படுத்திருக்க?”

“மல்லாக்கத்தான் மக்கா.”

“தலை எந்தப் பக்கம் கெடக்கு?”

“மலைப் பக்கம். அண்ணாந்துதான் பாக்கேன்.”

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு உன் குரல் மாறிவிட்டது. “அப்போ நீ எல்லாத்தையும் தலைகீழாப் பாக்க. உன் சோத்துக்கைப் பக்கம் இருக்க காத்தாடி, எந்திரிச்சு நின்னு பாக்கவங்களுக்கு இடது. அவ்வளவுதாம்மா. மாத்திப் போடுதேன்.”

கூட்ட வேண்டியதைக் கழித்தாயோ, கழிக்க வேண்டியதைக் கூட்டினாயோ, அது எனக்கு விளங்காது. ஒடிந்த காற்றாடிக்கு மறுபக்கத்துக் காற்றாடியை எடுத்துக்கொண்டு முதல் கோட்டை மறுபடி இழுத்தாய். இந்தத் தடவை இரண்டு கோடும் ஓடைக்குள் வெட்டின. ஓடை ஒரு வளைவு வளைகிற இடம். படத்தைப் பெரிதாக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு மணல்திட்டு. மாமா இறங்கி வந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி டிராக்டரில் ஏறும் முன்னால் அந்த இரண்டு எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டானாம். அவன் போனிலும் அந்த எண்களைப் போட்டுக் கொடுத்தாய். பக்கத்து வீட்டு ஆட்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி டிரெய்லரில் போட்டார்கள்.

அவர்கள் புறப்பட்ட பிறகுதான் தண்ணீர் வருகிறது என்று என்னிடம் சொன்னாய். மறைக்காமல் சொன்னாய். பயப்படாதே என்று சொல்லவில்லை, மாமா உனக்கு நேராக வருகிறான் என்று சொன்னாய். நேராக என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். முதலில் மணலில் ஒரு பழுப்பு நாக்கு மாதிரி வந்தது, சருகுகளைத் தள்ளிக்கொண்டு, சத்தமே இல்லாமல். நின்று நின்று வந்தது. பிறகு ஓடை முழுக்கச் சத்தம். ஆடு எழுந்து நின்று குட்டியை முட்டி முட்டி என் பக்கம் தள்ளியது. குட்டியை எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டேன். திட்டின் ஓரம் கரைந்து கரைந்து விழுந்தது. ஒடிந்த கால் முதலில் நனைந்தது, அந்தக் குளிர்ச்சியில் வலிகூட அடங்கிற்று. நீ போனை வைக்கவேயில்லை. என்னென்னவோ பேசினாய். எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லாதபோதும் பேசினாய்.

டிராக்டர் சத்தம் கேட்டது. அங்கும் இங்கும் அலைகிற சத்தம் இல்லை. உளுந்துப் புஞ்சை வழியாக ஒரே சீராகப் பெரிதாகிக்கொண்டே வந்த சத்தம். தண்ணீர் என் இடுப்பைத் தொட்டபோது உன் மாமா கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான், பின்னால் மூன்று ஆட்கள். கட்டிலை வைத்து என்னைத் தூக்கி, தோளுக்கு மேல் ஏந்திக்கொண்டு கரையேறினார்கள். ஆட்டை ஒருவர் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஏறித் திரும்பிப் பார்த்தேன், திட்டில் பாதி இல்லை. மாமா என் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்தபடி அழுதான்.

“யக்கா, ஒரு எடத்துலயும் நாங்க தேடல. அந்தப் பிள்ள சொன்ன எடத்துக்கு வந்தோம், நீ இருந்த.”

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலுக்குத் தகடு வைத்தார்கள். நான் கட்டிலில் கிடந்த நாட்களில் ராயகிரிப் பேச்சு என்ன ஆனது என்று ஒருநாள் கேட்டேன். மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அதை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவள் இன்னும் என்னென்ன படிக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். அந்த வீட்டுக்காரர்களும் கோபப்படவில்லையாம், அவர்களே வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ பட்டம் வாங்கினாய், பரீட்சை எழுதினாய், ஒரு தடவை தவறி மறு தடவை தேறினாய். தேர்வு முடிவு வந்த அன்று நம் தெருவில் மாமா வெடித்த வெடியில் பக்கத்துத் தறிக்கூடத்து ஆட்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். உன் அப்பா மட்டும் ஆட்டு மந்தைக்குள் போய் நின்றுகொண்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, பெற்றவள் சொல்லாமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. நீ நிலம் அளக்கப் போகிற இடத்தில் அண்ணன் தம்பிகள் வரப்புக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள். ஒருவன் வலது என்பான், ஒருவன் இடது என்பான். இரண்டு பேருமே பொய் சொல்லுவதாக நினைத்துவிடாதே. அன்றைக்கு நானும் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவரவர் எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுகிறார்கள் என்று முதலில் கேள். ஒருத்தர் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு கல் நடாதே. இரண்டாவது ஆள் ஏழையாக இருப்பான், பேசத் தெரியாதவனாக இருப்பான், கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணாக நிற்பாள். அவர்களைக் கூப்பிட்டுக் கேள். உன் விடை சோளக்காட்டில் விழுந்தால் வெட்கப்படாதே, கோபப்படாதே, திரும்பக் கேள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று டிராக்டரில் ஏறி உட்காருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்களோடு சண்டை போட்டு நேரத்தை விடாதே. புள்ளியைச் சரியாக வை, அவர்களே வண்டியைத் திருப்புவார்கள்.

உனக்குக் கல்யாணம் எப்போது என்று வந்தவர்கள் கேட்டார்கள். அவளுக்குத் தோன்றும்போது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மாமாவும் தலையாட்டினான். சமைக்கத் தெரியாது என்று கவலைப்படாதே, பசித்தால் வந்துவிடும். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள், கறுத்துவிடுவாய் என்பதற்காகச் சொல்லவில்லை, தலைவலி வரும். முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுக்காதே, உனக்கு நல்ல செருப்பு வாங்கு. நீ நடந்துதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உன் புது ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கே யாரும் நமக்குச் சொந்தமில்லை, எந்தத் தெருவும் எனக்குத் தெரியாது. தைப் பொங்கல் கழித்து நான் தனியாகக் கிளம்பி வருகிறேன். யாரையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளப் போவதில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு நீயும் வர வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் ஆளிடம், புதிதாக வந்திருக்கிற சர்வேயரம்மா வீடு எது என்று கேட்பேன். அவர் கை காட்டுவார். வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வருவேன், வழி தெரியாததற்காக அல்ல. ஒவ்வொருவர் வாயாலும் அதைக் கேட்க வேண்டும், அதற்காகத்தான்.

உன்னைப் பெற்றவள்,
சங்கரன்கோவிலிலிருந்து.